சராசரி போதுமா?

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



இவ்வாண்டு நிறைவுக் கூட்டத்தில் தேக நலத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாம் வைத்தியரல்லோம், உங்களைப் போலவே தராசும் கணக்குப் புத்தகமுமாகக் காலங்கழித்து வருபவர். ஆகையால் மருந்தைப் பற்றிப் பேச நாம் துணியவில்லை. ஆயினும், வைத்திய சாஸ்திரத்தில் வல்லவர்கள் பல்லாண்டு ஆராய்ந்து வெளியிட்டுள்ள கணக்குகளைப் படித்துப் பார்ப்பதற்கும், அவற்றை ஒரு வியாபாரியின் கண்கொண்டு நோக்குவதற்கும் நமக்கு உரிமையுண்டு. அவ்வெல்லைக்குள் நின்றே பேச விரும்புகிறோம்.

நம் மக்கள் இருவர் கலியாண வீட்டில் சந்தித்துக்கொண்டால், முற்காலத்தில் மழையையும் விலைவாசியையும் விசாரிப்பது வழக்கம். இக்காலத்திலோ, "உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு? இரத்த அழுத்தம் எப்படி?" என்பதே முதல் விசாரணையாய்விட்டது. கேட்கப்பட்டவர் ஒரு தொகையைச் சொல்லுவார். கேட்டவரும் தம்முடைய தொகையைச் சொல்லுவார். இரண்டும் ஏறத்தாழ ஒத்திருப்பின், "அப்படியானால் எல்லோருக்கும் உள்ளதுதான்" என்று இருவரும் ஒருங்கே ஆறுதலடைந்து, ஜாங்கிரி பரிமாறும் பந்திக்கு எழுந்து செல்வார்கள். இந்த "எல்லோருக்கும் உள்ளதுதானே" என்னும் வார்த்தையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

வியாபாரத்தில் நாம் இவ்வாறு ஆறுதலடைவதுண்டா? கடைவீதியில் பத்துக் கடைகள் நஷ்டத்தில் ஓடுகின்றன என்பதற்காக, நம் கடையும் நஷ்டத்தில் ஓடலாம் என்று எந்த வியாபாரியாவது கையைக் கட்டிக்கொண்டிருப்பானா? கொள்முதலுக்குப் போனால் நடுத்தரச் சரக்கை ஒதுக்கி முதல்தரச் சரக்கைத் தேடுகிறோம். பிள்ளைகளின் பரீட்சை மார்க்கைப் பார்த்தால், "வகுப்பில் எல்லோரும் இவ்வளவுதான்" என்னும் சமாதானத்தை நாம் ஏற்றுக்கொள்வதில்லை. சரக்கிலும் படிப்பிலும் ஒப்புக்கொள்ளாத சராசரியை, உடம்பு ஒன்றில் மாத்திரம் மறுபேச்சின்றி ஒப்புக்கொள்ளுகிறோம். உடம்போ மற்றெல்லாவற்றிற்கும் முதல். முதல் கரைந்தபின் வட்டியைப் பற்றிப் பேசி யாது பயன்? சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும்!

சராசரியும் நோயுற்றிருக்கலாம்

இலண்டன் மாநகரில் ஜெப்ரி ரோஸ் என்னும் வைத்தியப் பேராசிரியர் இருந்தார். அவர் 1985-ஆம் ஆண்டில் ஓர் அரிய கட்டுரையை வெளியிட்டார். அதில் அவர் இலண்டன் அரசாங்க உத்தியோகஸ்தர்களுடைய இரத்த அழுத்தக் கணக்கையும், கென்யா நாட்டு நாடோடி மக்களுடைய இரத்த அழுத்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இலண்டனில் ஒரு சிலருக்கு மாத்திரம் அழுத்தம் மிகுந்து, ஏனையோர் கென்யா மக்களைப் போலவே இருந்தார்களா எனின், இல்லை. அவ்வூரார் அனைவருடைய கணக்குமே மொத்தமாக மேலே நகர்ந்து நின்றது. இலண்டனில் "நடுத்தரம்" என்று மதிக்கப்பட்டவனே, கென்யா மக்களிடையே வைத்துப் பார்த்தால் அழுத்தம் மிகுந்தவனாகக் காணப்படுவான்.

இதனின்று அவர் இரண்டு வினாக்களைப் பிரித்துக் காட்டினார். "இந்த மனிதனுக்கு ஏன் நோய் வந்தது?" என்பது ஒன்று, "இந்தச் சமூகம் முழுவதிலும் ஏன் இந்நோய் இவ்வளவு மலிந்தது?" என்பது மற்றொன்று. முதல் வினாவை வைத்தியர் கேட்பார். இரண்டாம் வினாவைச் சமூகந்தான் கேட்டுக்கொள்ளவேண்டும். நம்முடையது போன்ற ஒரு சங்கம் அவ்வினாவைக் கேட்காவிடில் வேறு யார் கேட்பார்?

இனி நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். இந்திய வைத்திய ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைப் பரிசோதித்து 2023-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் சர்க்கரை வியாதியுள்ளவர் 10.1 கோடிப் பேர். அவ்வியாதியின் வாசற்படியில் நிற்பவர் 13.6 கோடிப் பேர். வயதுவந்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இரத்த அழுத்தம் மிகுந்தவர்கள். சர்க்கரை வியாதி நாடு முழுமைக்கும் நூற்றுக்கு 11.4 எனின், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4.

இதனினும் கவனிக்கத்தக்க கணக்கு ஒன்றுண்டு. தேசியக் குடும்பநல ஆய்வில், 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களுள் உயரத்துக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள் நூற்றுக்கு 30.9, 2019-21-இல் எடுத்த அடுத்த ஆய்வில் 40.4. ஆண்களில் 28.2 என்றிருந்தது 37.0 ஆயிற்று. ஐந்தாண்டுக்குள் இவ்வளவு மாறுதல்! சராசரி என்பது நட்டுவைத்த கல்லன்று, ஆற்றில் மிதக்கும் கட்டை என்பது இதனால் விளங்கும். "ஊராரைப்போல் இருந்தால் போதும்" என்று அக்கட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பவன் தான் அசையவில்லையென்றே எண்ணிக்கொண்டிருப்பான். ஆறோ அவனையும் கட்டையையும் சேர்த்தே இழுத்துச் சென்றுகொண்டிருக்கும். ஐந்தாண்டுக்கு முன் ஊராருக்கு ஒத்திருந்த உடம்பு வேறு. இன்று ஊராருக்கு ஒத்திருக்கும் உடம்பு வேறு.

உட்கார்ந்தே இருக்கும் தொழில்

நம்மவரிற் பெரும்பாலோர் கடைத் தொழிலினர். காலை எட்டு மணிக்குக் கல்லாவில் அமர்ந்தால் இரவு ஒன்பது அல்லது பத்து மணிக்கு எழுந்திருப்பவர் பலர். வீட்டிலிருந்து கடைவரை ஸ்கூட்டர். கடையிலிருந்து வங்கிவரை ஸ்கூட்டர். மாடிக்கு ஏறுவதற்கு லிப்ட். இத்தகைய வாழ்க்கையைக் குறித்து ஆராய்ச்சிக்காரர் கண்டவை நமக்கென்றே எழுதப்பட்டவை போல் இருக்கின்றன.

1953-ஆம் ஆண்டில் ஜெர்ரி மாரிஸ் என்பவர் இலண்டன் நகரத்து இரட்டைமாடி பஸ்களில் வேலை செய்தவர்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். சாரதியும் கண்டக்டரும் ஒரே வண்டியில் ஒரே வீதியில் போகிறவர்கள். ஆனால் சாரதி நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டரோ டிக்கட்டுக் கொடுப்பதற்காக நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குபவர். மாரடைப்பு நோய் சாரதிகளுக்கே மிகுதியாய் இருந்தது. வந்தவர்களிலும் கண்டக்டர்கள் பிழைத்தது அதிகம். சாரதிகளாகச் சேர்ந்தவர்கள் சேரும்போதே சற்றுப் பருத்தவர்கள் என்பதையும் அவரே பின்னர் 1956-இல் அவர்களுடைய உடுப்பு அளவுகளைக்கொண்டு காட்டினார். எனவே முழுக் குற்றத்தையும் ஆசனத்தின் மேல் சுமத்துதல் நியாயமாகாது. ஆயினும், தபால் இலாகாவில் கடிதம் சுமந்து நடப்பவர்களுக்கும் அதே இலாகாவில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும் இடையிலும் இத்தகைய வேற்றுமையே காணப்பட்டது. இவ்வாராய்ச்சிக்குப் பின் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் ஆராய்ந்தும் அக்கருத்து உறுதிப்பட்டதேயன்றி மாறவில்லை.

இரண்டாவது, நம் நாட்டிலேயே வங்காளத்தில் நடந்தது. ஜீன் மேயர் என்பவரும் இந்திய ஆராய்ச்சியாளரும் சேர்ந்து ஒரு சணல் ஆலையைச் சார்ந்த ஆடவர் 213 பேருடைய உணவையும் எடையையும் தொழிலையும் கணக்கெடுத்து 1956-இல் வெளியிட்டார்கள். மூட்டை சுமப்பவரும் இருந்தனர், குமாஸ்தாக்களும் இருந்தனர், நாள் முழுதும் கடையில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரரும் இருந்தனர். உழைப்புக் குறைந்தால் பசியும் அதற்கேற்பக் குறையும் என்றுதானே நாம் எண்ணுவோம்? ஆனால், அறவே உட்கார்ந்திருந்த கடைக்காரர், கடுமையாக உழைத்தவருக்குக் குறையாத அளவு உண்டனர். அதனால் எடையில் எல்லோருக்கும் மேலாக நின்றனர். ஓரளவாவது நடமாட்டமிருந்தால்தான் பசியும் தன் அளவை அறியும் என்பது இதன் கருத்து. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம், "பசிக்கிறது, ஆகையால் உண்கிறோம்" என்று சொல்லுவது எப்பொழுதும் சரியான கணக்காகாது.

இவ்விடத்தில் சிப்பந்திகளையும் நினைக்கவேண்டும். முதலாளி உட்கார்ந்தே கெடுகிறார். கடைச் சிப்பந்தியோ பன்னிரண்டு மணி நேரம் நின்றே கால் நரம்பு புடைத்து வருந்துகிறார். தமிழ்நாட்டில் கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார ஆசனம் அளிக்கவேண்டுமென்று 2021-ஆம் ஆண்டில் சட்டமே திருத்தப்பட்டது. சட்டத்துக்கு அஞ்சியன்று, நியாயத்துக்கு அஞ்சியே நம் கடைகளில் அது நிறைவேறவேண்டும். முதலாளி மணிக்கொருதரம் எழுந்து நடப்பதும், சிப்பந்தி மணிக்கொருதரம் உட்காருவதும் இரண்டு பேருக்கும் நன்மை.

முன்னோர் உண்டார்களே என்னும் ஆட்சேபம்

"எங்கள் பாட்டனார் மூன்று வேளையும் சோறு உண்டார், நெய்யை உள்ளங்கையில் வழியவழிய ஊற்றிக்கொண்டார், வெற்றிலைப் பெட்டி அவர் பக்கத்தை விட்டு அகன்றதில்லை, தொண்ணூறு வயது இருந்தார்" என்று சொல்லாத குடும்பம் நம்மில் அரிது. அப்பெரியவர்களை நாமும் வணங்குகிறோம். ஆனால் அவர்களுடைய கணக்கில் வரவை மாத்திரம் படித்து, பற்றைப் படியாமல் விடலாமா? அவர் சந்தைக்கு நடந்தே சென்றார். கிணற்றில் நீர் இறைத்தார். மூட்டையைத் தாமே இறக்கினார். அந்தி சாய்ந்ததும் உண்டு, விளக்கணைத்து உறங்கினார். ஜாங்கிரியும் பாயசமும் அவருக்கு ஆண்டில் சில நாட்களே கிடைத்தன. நமக்கோ தேநீர்க் கடையின் இனிப்பும் பேக்கரிப் பண்டமும் நாள்தோறும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவருடைய இலையை வாங்கிக்கொண்டு அவருடைய உழைப்பை வாங்கிக்கொள்ளாமல் விட்டோம்.

அன்றியும், தொண்ணூறு வயது வாழ்ந்த ஒரு பாட்டனாரை நினைவு வைத்திருக்கும் நாம், ஐம்பதில் மாண்ட அவருடைய தம்பிமாரை மறந்துவிடுகிறோம். ஒரு வாடிக்கைக்காரர் கடனைச் சரியாகத் தீர்த்தார் என்பதற்காகப் பேரேட்டிலுள்ள எல்லாப் பற்றும் வசூலாகிவிட்டதென்று எழுதுவோமா?

நம் தென்னாட்டு உணவைக் குறித்து இன்னும் ஒரு செய்தி. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்பவர் நூறாண்டுகளுக்கு முன் உணவு ஆராய்ச்சி நடத்தினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை வெள்ளெலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகிய பஞ்சாபியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும், பாலும் காய்கறியும் குறைவாகவும் கொண்ட சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசியில் நின்றன. அன்றைய குறை போஷணையின்மை. இன்றைய குறை மிகுதி. ஆனால் இரண்டிற்கும் வேர் ஒன்றே: இலையில் வெண்சோறு மலையாகவும், கறி கடுகாகவும் இருப்பது. அரிசியை விடவேண்டுமென்று நாம் கூறவில்லை. சோற்றின் இடத்தைக் கீரைக்கும் காய்க்கும் பயறுக்கும் சற்று விட்டுக்கொடுங்கள் என்றே கூறுகிறோம். கேழ்வரகும் கம்பும் சாமையும் நம் நாட்டுத் தானியங்களே. அவை ஏழையின் உணவென்று எண்ணி நாம் ஒதுக்கியது அந்தஸ்தைக் கருதியேயன்றி ஆரோக்கியத்தைக் கருதியன்று.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் உட்பட்ட அளவு. உலக மக்கள் உண்பதோ சராசரி 10.8 கிராம். உலகமே இரட்டிப்பாக உண்ணும்பொழுது, "நாங்கள் மற்றவர்களைப் போலத்தான் உப்புப் போடுகிறோம்" என்னும் சமாதானம் செல்லுமா? ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, பொட்டலங்களில் விற்கும் காரப் பண்டங்கள் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பே நம்மவர் கணக்கில் எழுதாத செலவு.

புகையிலையும் பாக்கும்

பிரிட்டிஷ் வைத்தியர்களையே 1951 முதல் ஐம்பதாண்டு தொடர்ந்து கவனித்து, ரிச்சர்ட் டால் என்பவரும் அவர் குழுவினரும் 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். சிகரெட்டை விடாதவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரி பத்தாண்டு முன்னதாக மாண்டார்கள். அறுபது வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய மூன்றாண்டும், ஐம்பதில் விட்டவர்கள் ஆறாண்டும், நாற்பதில் விட்டவர்கள் ஒன்பதாண்டும் ஆயுளை மீட்டுக்கொண்டார்கள். முப்பதில் விட்டவர்களோ இழப்பு முழுவதையுமே ஏறக்குறைய மீட்டார்கள். வாலிப நண்பர்கள் இக்கணக்கைப் பன்முறை படிக்கவேண்டும். முதியவர்களும் "இனி விட்டு என்ன?" என்று சொல்லுவதற்கு இதில் இடமில்லை, அறுபதிலும் மூன்றாண்டு கிடைக்கிறது. மூன்றாண்டில் ஒரு பேரக் குழந்தை மழலை பேசத் தொடங்கிவிடும்.

பாக்கைப் பற்றிச் சொல்ல நமக்குச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. ஏனெனில் தாம்பூலம் நம் மங்கல வழக்கம். ஆயினும் உண்மையை மறைத்தலாகாது. புகையிலை சேராத வெறும் பாக்குங்கூட வாய்ப் புற்றுக்கும் அதன் முன்னோடியான நோய்க்கும் காரணமென்று, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் ஐயத்துக்கிடமின்றித் தீர்மானித்தது. தாம்பூலத் தட்டில் மரியாதைக்கு ஒரு பாக்கு இருப்பது வேறு. நாள் முழுதும் சீவலை வாயில் அடக்கியிருப்பது வேறு. முன்னது சம்பிரதாயம், பின்னது அடிமைத்தனம்.

மாற முடியுமா?

"பரம்பரை வியாதி, நம்மால் ஆவதென்ன?" என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. டாக்டர் அம்பாடி ராமச்சந்திரனும் அவருடன் இருந்தவர்களும், சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2006-இல் வெளிவந்தது. விசேஷ உபதேசம் ஒன்றுமின்றி விடப்பட்டவர்களில் மூன்றாண்டுக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி முற்றிற்று. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்து, இனிப்பையும் தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைத்து, நார்ச்சத்தை மிகுத்தவர்களில் அது 39.3 ஆகக் குறைந்தது. மருந்து மாத்திரம் உண்டவர்களில் 40.5. அதாவது, நடையும் உணவுக் கட்டுப்பாடும் மருந்துக்குச் சமமாக நின்றன. இவர்கள் நம் ஊரார். நம்மைப் போல் சோறும் சாம்பாரும் உண்பவர். பரம்பரை அவர்களுக்கும் இருந்தது. பரம்பரை கடன் பத்திரத்தை எழுதிவைக்கலாம். வட்டியைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். எல்லா எண்களையும் மறைக்காமல் சொல்லவேண்டுமானால், நன்கு நடந்தவர்களிலும் நூற்றுக்கு 39 பேருக்கு வியாதி வரவே செய்தது. ஆகையால் நோயுற்ற ஒருவரைப் பார்த்து, "உன் சோம்பலால் வந்தது" என்று குற்றஞ்சாட்ட ஒருவருக்கும் உரிமையில்லை. மருந்து உண்டுவருபவர் இப்பிரசங்கத்தைக் கேட்டு மருந்தை நிறுத்துதலும் கூடாது. நல்ல பழக்கம் மருந்துக்குத் துணை, பகையன்று.

ஒரு சமூகமே மாறியதற்கும் உதாரணமுண்டு. பின்லாந்து தேசத்தின் வடகரேலியாப் பகுதியில் ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பால் மாண்டுகொண்டிருந்தார்கள். வெண்ணெயும் உப்பும் சிகரெட்டும் அங்கே "எல்லோருக்கும் உள்ளவை". 1972-இல் பெக்கா புஸ்கா என்னும் இளம் வைத்தியரின் தலைமையில் ஒரு முயற்சி தொடங்கிற்று. அவர் மருத்துவமனையில் உட்கார்ந்து உபதேசிக்கவில்லை. "மார்த்தா" என்னும் இல்லத்தரசிகள் சங்கத்தை நாடினார். அம்மாதர்கள் ஊர்தோறும் கூட்டங்கூட்டி, பழைய பக்குவங்களையே வெண்ணெயும் உப்பும் குறைத்துச் சமைத்துப் பரிமாறினார்கள். ருசி கெடவில்லை என்று கண்டபின் ஊர் மாறிற்று. நாற்பதாண்டுக்குள் அப்பகுதியில் உழைக்கும் வயதிலுள்ள ஆண்களின் மாரடைப்பு மரணம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது. அங்கே சராசரியே மாறிவிட்டது. நல்ல பழக்கமுள்ளவன் ஊரில் தனியனாய் நிற்கவேண்டிய நிலை ஒழிந்து, அதுவே ஊர் வழக்கமாயிற்று.

பெண்மக்களைப் பற்றி

எடை மிகுந்தவர் விகிதம் பெண்களிடையே ஆண்களைவிட அதிகம் என்பதை முன்னர்க் கூறினோம். இதற்கு அவர்களை நொந்து பயனில்லை. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பதும், வீணாகக் கூடாதென்று பிள்ளைகளின் இலையில் மிச்சமானதை உண்பதும், இரவு பதினொரு மணிக்குக் கணவர் கடையடைத்து வரும்வரை காத்திருந்து உண்பதும் நம் வீட்டு வழக்கங்கள். காலையில் ஒரு மருமகள் அரைமணி நேரம் நடந்துவரப் புறப்பட்டால், "வீட்டு வேலை இருக்க இதென்ன உலாவல்?" என்று கேட்கும் வாய்கள் இன்னும் இருக்கின்றன. அவ்வாய்களை அடக்கவேண்டியது ஆண்மக்களின் கடமை. கடையை அரைமணி முன்னதாக அடைத்தால் குடும்பம் முழுவதும் ஒருங்கே உண்ணலாம். அவ்வரைமணியில் வரும் விற்பனை லாபம் பெரிதா, மனைவி மக்களின் ஆரோக்கியம் பெரிதா என்று ஒவ்வொருவரும் தம் ஐந்தொகையைப் போட்டுப் பார்க்கட்டும்.

செய்யத்தக்கவை

பழக்கம் ஒரு நாளில் வாராது. இலண்டனில் ஆராய்ந்தவர்கள் 2009-இல் கண்டபடி, ஒரு புதிய செயல் தானே நிகழும் பழக்கமாவதற்குச் சராசரி 66 நாட்கள் ஆயின. ஆயினும் மிக விரைவில் முடிந்ததற்கு 18 நாள், நீண்டதற்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். நாம் விரதத்துக்கு ஒரு மண்டலமென்று 48 நாள் வைப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு மண்டலம் கழிந்தும் கைவரவில்லையென்று மனந்தளரவேண்டாம். இடையில் ஒரு நாள் தவறியதால் மாத்திரம் பழக்கம் கெட்டுப்போவதில்லை என்றும் அவர்களே கண்டார்கள்.

நாம் எல்லோரும் மல்லர்களாகவேண்டுமென்பதன்று கருத்து. வாரத்துக்கு 150 நிமிஷம் விரைந்த நடை போதுமென்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. நாளொன்றுக்கு அரைமணியாக ஐந்து நாள். இதனோடு, சங்கத்தின் ஆலோசனைக்கு நான்கு யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம்.

முதலாவது, நம் கலியாணப் பந்தியில் இனிப்பு ஒன்றே போதுமென்றும், காய்கறி மூன்றுக்குக் குறையலாகாதென்றும் சங்கம் தீர்மானிக்கவேண்டும். ஏழு வகை இனிப்புப் போட்டவனைக் கண்டு எட்டு வகை போடவேண்டியவனாய்க் கடன்படுகிறவன் நம்மில் ஏழைத் தகப்பனே. இத்தீர்மானம் உடம்பையும் காக்கும், கடனையும் குறைக்கும்.

இரண்டாவது, இனி ஒவ்வோர் ஆண்டு நிறைவு நாளிலும் முப்பது வயதுக்கு மேற்பட்ட அங்கத்தினர் அனைவருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்யவேண்டும். வயிற்றுச் சுற்றளவை ஒரு தையற்காரர் நாடாவால் அளந்துவிடலாம். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையென்று கொள்ளப்பட்டிருக்கிறது. ஒருவருடைய கணக்கு மற்றொருவருக்குத் தெரியக்கூடாது. பெண் பார்க்கும் பேச்சில் அது புகுமாயின் ஒருவரும் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். வசதியற்ற குடும்பத்தார், அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தையும், 2021-இல் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தையும் நாடுவதில் வெட்கமொன்றுமில்லை.

மூன்றாவது, விடியற்காலை நடைக்கு வீதிதோறும் நாலைந்து பேராகச் சேரவேண்டும். தனியே புறப்படுகிறவன் மழை பெய்தால் நின்றுவிடுவான். வாசலில் மூவர் காத்திருந்தால் எழுந்து வருவான். நடைக்கு வருபவர் நம் சமூகத்தாராகவே இருக்கவேண்டுமென்பதுமில்லை. அடுத்த வீட்டாரையும் கடைச் சிப்பந்திகளையும் அழையுங்கள். நோய்க்குச் சாதி தெரியாது.

நான்காவது, நம் மாதர் பகுதியார் வடகரேலியா மாதர்களைப்போல், எண்ணெயும் உப்பும் சர்க்கரையும் குறைந்த நம் பழைய பக்குவங்களைத் திரட்டி, இப்பத்திரிகையில் மாதம் ஒன்றாக வெளியிடவேண்டும்.

கனவான்களே! ஒரு காலத்தில், "பெண்களைப் படிக்கவைப்பது எங்கும் இல்லாத வழக்கம்" என்று நம்மவர் கூறினார்கள். அக்காலச் சராசரி அது. சங்கங்கள் கூடிப் பேசின. சிலர் துணிந்து தம் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இன்று அனுப்பாதவனே அதிசயப் பொருளாய்விட்டான். வழக்கத்தை ஆக்கியவர் நாமே, மாற்றுகிறவரும் நாமே. நம் சங்கத்தின் உதவி நிதி பிள்ளைகளின் படிப்புக்காகத் திரட்டப்பட்டது. நடுவயதில் தகப்பனை இழந்த குடும்பங்களின் மனுக்களும், சிறுநீரகம் கெட்டவர்களின் வைத்தியச் செலவு மனுக்களும் ஆண்டுக்காண்டு அந்நிதியில் பெரும்பகுதியைக் கேட்டு நிற்கின்றன. அவற்றை மறுக்க ஒருவருக்கும் மனம் வாராது, வரவுங்கூடாது. ஆனால் அம்மனுக்கள் குறையவேண்டுமானால், அதற்குரிய வேலை நிர்வாக சபையில் அன்று, நம் வீட்டு அடுக்களையிலும் கடையிலும் பந்தியிலும் இருக்கிறது.

நாம் கூறிய நான்கு யோசனைகளையும் அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளுமாறு அக்கிராசனர் அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். இன்று நடைபெறும் பந்தியிலேயே முதல் யோசனையைத் தொடங்கிவிட்டதாகச் சமையல் மேற்பார்வையாளர் நமக்குச் சொல்லியிருக்கிறார். இனிப்பு ஒன்றே வருமாதலால் ஒருவரும் மனவருத்தமடைய வேண்டாம்.